அழுத காருக்குப் பால் இல்லை

ராத்திரி மூன்று மணி. ஊர், நியூயார்க். வருஷம் 1990 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது மாடியில் ஒருத்தர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார். திடீரென்று கீழே தெருவில் ஒரு கார் அலறுகிறது. முதலில் ஆம்புலன்ஸ் மாதிரி. அப்புறம் ஃபயர் என்ஜின் மாதிரி. அப்புறம் பூனையின் வாலை மிதித்த மாதிரி. வரிசையாக ஆறு விதமான சத்தம். ஆறும் முடிந்ததும், மறுபடி முதலிலிருந்து.

அவர் துள்ளி எழுந்து போலீசுக்கு போன் போட்டிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? ம்ஹும். ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டு, தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு படுத்துவிட்டார். கொஞ்சம் கோபக்கார ஆசாமியாக இருந்தால் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு முட்டையை எடுத்து, குறி பார்த்து அந்தக் காரின் தலையில் போட்டிருப்பார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நியூயார்க்வாசிகள் நிஜமாகவே அப்படிச் செய்தார்கள்.

'ஐயோ பாவம், யாரோ ஒருத்தருடைய கார் திருடு போகிறதே!' என்று நினைத்தவர் யாரும் இல்லை.

இத்தனைக்கும் அந்த 1990-ல் நியூயார்க் நகரத்தில் திருடு போன வாகனங்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 47 ஆயிரம். வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 400 வண்டி. காரை நிறுத்துகிறவர்கள், 'உள்ளே ரேடியோ இல்லை, தயவுசெய்து கண்ணாடியை உடைக்காதே' என்கிற ரீதியில் அட்டை எழுதி மாட்டிவிட்டுப் போன காலம் அது. அப்பேர்ப்பட்ட ஊரில் கார் கத்தினால் பத்துப் பேர் ஓடி வந்திருக்க வேண்டாமா? ஏன் வரவில்லை?

ஒரு சின்ன ஸ்க்ரூவில் இருக்கிறது விஷயம். அதற்கு வருவதற்கு முன்னால், காருக்குக் காது எப்படி முளைத்தது என்று பார்த்துவிடலாம்.

அலாரம் என்றால் மணி அல்ல. மணி அடிப்பது பெரிய வித்தையே இல்லை. எப்போது அடிக்க வேண்டும் என்று தெரிவதுதான் வித்தை. அமெரிக்காவில் அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் என்பவர் 1853-ல் மின்சாரத் திருட்டு மணிக்குக் காப்புரிமை வாங்கினார். கதவு திறந்தால் மின்சுற்று மாறும், மணி அடிக்கும். அவ்வளவுதான். திருடன் கதவைத் திறக்காமல் கண்ணாடியை உடைத்து வந்தால்? போப்பின் மணிக்கு அது தெரியாது. அசைவே தெரிகிற மாதிரி ஒரு கருவி வேண்டும்.

அதற்கான சாமான்களை ஆளுக்கொன்றாகப் பலர் செய்து வைத்தார்கள். காரை மனத்தில் வைத்துச் செய்தவர் அநேகமாக யாரும் இல்லை.

1842-ல் கிறிஸ்டியன் டாப்ளர் என்கிற ஆஸ்திரிய விஞ்ஞானி ஒன்று சொன்னார். சத்தம் போடுகிற பொருள் நம்மை நோக்கி வந்தால் சுருதி ஏறும். விலகிப் போனால் இறங்கும். மூன்று வருஷம் கழித்து ஹாலந்தில் பைஸ் பாலட் என்பவர் இதைச் சோதித்த விதம் ரொம்ப அழகு. ரயிலில் ஊதுகுழல்காரர்களை ஏற்றி ஒரே ஸ்வரத்தை ஊதச் சொன்னார். தண்டவாளத்தின் ஓரத்தில் நல்ல காது படைத்த சங்கீதக்காரர்களை நிறுத்தினார். ரயில் வந்தபோதும் போனபோதும் சுருதி எப்படி மாறியது என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். டாப்ளர் சொன்னது சரி.

1880-ல் பிரான்சில் ழாக், பியர் என்று இரண்டு கியூரி சகோதரர்கள். பியர்தான் பின்னாளில் மேரி கியூரியின் கணவர். சில வகைப் படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று இவர்கள் கண்டுபிடித்தார்கள்.

அப்புறம் ரஷ்யாவில் லேவ் தெரமின். கையால் தொடாமலேயே வாசிக்கிற இசைக்கருவியைச் செய்தவர். பக்கத்தில் ஒரு மனித உடம்பு வந்தால் மின்புலம் மாறும். அதை வைத்து சங்கீதமும் வாசிக்கலாம், திருடனையும் பிடிக்கலாம். 1922-ல் கிரெம்ளின் மாளிகையில் லெனினுக்கு அவர் காட்டியது இரண்டையும்தான்.

1953-ல் சாமுவேல் பாக்னோ என்ற அமெரிக்கர், மூடிய அறைக்குள் அசைவைக் கண்டுபிடிக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். டாப்ளரின் பழைய சூத்திரம்தான். மனிதக் காதுக்குக் கேட்காத சத்தத்தை அறை முழுக்கப் பரப்ப வேண்டியது. எல்லாம் அசையாமல் இருந்தால், போன சத்தம் போன சுருதியிலேயே திரும்பி வரும். உள்ளே ஒரு கை அசைந்தால் சுருதி பிசகும். உடனே மணி.

இவர்களுடைய வாரிசுகள்தான் பின்னாளில் காருக்குள் புகுந்த சென்சார்கள். டேஷ்போர்டுக்கு அடியில் தீப்பெட்டி சைஸில் இருப்பது ஷாக் சென்சார். பெரும்பாலும் கியூரி சகோதரர்களின் அழுத்த மின்சாரம். காரை யாராவது தட்டினால், குத்தினால், கண்ணாடியை உடைத்தால் அதிர்வு தெரியும். முன் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் தூண்களில் சின்னக் கண்கள் மாதிரி இருப்பவை பாக்னோ வழி வந்த அல்ட்ராசானிக் சென்சார். மூடிய காருக்குள் கை நீண்டால் தெரியும். மேற்கூரையை மடக்குகிற கார்களுக்கு ரேடார் மாதிரியான மைக்ரோவேவ் சென்சார். நான்காவது, டில்ட் சென்சார். ஆரம்பத்தில் ஒரு கண்ணாடிக் குழாயில் ஒரு சொட்டுப் பாதரசம், அவ்வளவுதான். யாராவது ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினாலோ, வண்டியைக் கட்டி இழுத்தாலோ, கார் சாயும். பாதரசம் ஓடும். அலாரம் கத்தும்.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! பிரச்னை என்னவென்றால், இந்த நான்கு பேரில் ஒருத்தருக்கும் திருடன் என்றால் என்னவென்று தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அசைவு மட்டுமே. லாரி போனாலும் அசைவுதான். இடி இடித்தாலும் அசைவுதான். பின்சீட்டில் விட்டுப் போன நாய் வாலை ஆட்டினாலும் அசைவுதான். பாட்டரி வோல்டேஜ் குறைகிறதா என்று பார்க்கும் இன்னொரு வகை அலாரம் உண்டு. கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியும், வோல்டேஜ் லேசாக இறங்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கும். ஆனால் என்ஜினை அணைத்த பிறகும் சில கார்களில் ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடும் அல்லவா? அதுவும் அந்த அலாரத்துக்குத் திருடன்தான்!

இப்போது அந்த ஸ்க்ரூவுக்கு வருவோம்.

ஷாக் சென்சாரின் முதுகில் சின்னதாக ஒரு திருகு இருக்கும். ஒரு பக்கம் திருப்பினால் சென்சார் கும்பகர்ணன். இன்னொரு பக்கம் திருப்பினால் சிட்டுக்குருவி உட்கார்ந்தால்கூடக் கத்தும். எங்கே நிறுத்துவது?

நான் பி.காம். படித்தவன். எனக்கு எதிலும் முதலில் கண்ணில் படுவது வரவு செலவுக் கணக்கு. அலாரம் மாட்டுகிற கடைக்காரரின் இடத்திலிருந்து பாருங்கள். சென்சார் மந்தமாக இருந்து கார் திருடு போனால், கஸ்டமர் நேரே கடைக்கு வந்து சட்டையைப் பிடிப்பார். சென்சார் ஓவராகத் துடித்து ராத்திரியெல்லாம் கத்தினால்? கஷ்டம் அக்கம்பக்கத்துக்கு. அவர்கள் கடைக்கு வரப்போவதில்லை. கடை எங்கே இருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாது. அப்படியானால் கடைக்காரர் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்புவார்? சந்தேகமே வேண்டாம்.

காரின் சொந்தக்காரருக்கும் அதே கணக்குதான். பாதுகாப்பு எனக்கு, தூக்கம் கெடுவது உனக்கு. லாபத்தைத் தான் வைத்துக்கொண்டு செலவைத் தெருவின் தலையில் கட்டுவதற்குப் பொருளாதாரத்தில் 'எக்ஸ்டர்னாலிட்டி' என்று பெரிய பெயர் உண்டு. நியூயார்க்கில் அது ராத்திரி மூன்று மணிக்கு ஆறு விதமான ராகத்தில் கேட்டது.

எல்லோரும் ஸ்க்ரூவை ஒரே பக்கம் திருப்பினால் என்ன ஆகும்? நமக்குத் தெரியாத கதையா? புலி வருது, புலி வருது என்று அந்த ஆட்டுக்காரப் பையன் எத்தனை தடவைதான் கத்துவான்? ஊர் எத்தனை தடவைதான் ஓடி வரும்?

1997-ல் அமெரிக்காவின் நெடுஞ்சாலை இழப்புப் புள்ளிவிவர நிறுவனம் 7 கோடியே 30 லட்சம் வாகனங்களின் இன்சூரன்ஸ் விவரங்களை எடுத்துப் பார்த்தது. அலாரம் இருந்த கார்களில் மொத்தத்தில் திருட்டு இழப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. கோடிக்கணக்கான டாலரைக் கொட்டி, ஊர்த் தூக்கத்தையெல்லாம் கெடுத்துக் கடைசியில் கண்ட பலன் பூஜ்யம்.

நியூயார்க் நகரம் சட்டம் போட்டுப் பார்த்தது. எந்த அலாரமும் மூன்று நிமிடத்துக்குள் தானாக வாயை மூட வேண்டும். வண்டியைத் தொட்டால் மட்டுமே கத்தலாம், பக்கத்தில் நடந்து போனாலே கத்தக் கூடாது. 2003-ல் டிரான்ஸ்போர்ட்டேஷன் ஆல்டர்நேட்டிவ்ஸ் என்கிற அமைப்பு ஒரு நீண்ட அறிக்கை வெளியிட்டது. கார் அலாரத்தால் பிரயோஜனமே இல்லை, நகரத்தில் தடை செய்யுங்கள் என்று கேட்டது. நகர சபையில் பேசினார்கள், விவாதித்தார்கள். முழுத் தடை வரவில்லை.

ஐரோப்பியர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். அங்குள்ள வாகன விதிகளின்படி அலாரம் ஒரு தடவைக்கு 25 முதல் 30 விநாடிதான் ஒலிக்கலாம். அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு விதி. பொய் அலாரத்துக்கு என்று தனியாக ஒரு பரீட்சை. அரைக்கோள வடிவ ரப்பர் பொருளால் காரின் உடம்பில் எங்கே வேண்டுமானாலும் 4.5 ஜூல் வரை ஆற்றலோடு மோதுவார்கள். அரைக் கிலோ எடையைச் சுமார் 90 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வருகிற இடி அது. அதற்கு அலாரம் கத்தினால் ஃபெயில். தெருவில் பிள்ளைகள் ஆடும் பந்து பட்டதற்கெல்லாம் கத்தாதே என்பதை இப்படிச் சட்டமாக எழுதினார்கள்.

சரி, கத்தியும் பயனில்லை. அப்படியானால் திருடனை எது நிறுத்தியது?

குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். கடித்தது, குரைக்கத் தெரியாத ஒன்று.

1986 மாடல் கார்வெட் காரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு காரியம் செய்தது. சாவித் தண்டில் பொட்டு மாதிரி ஒரு சின்ன மின்தடையைப் பதித்தது. 15 அளவுகளில் ஏதோ ஒன்று. சாவியைப் போட்டதும் கார் அந்த அளவைப் படிக்கும். சரியாக இருந்தால் என்ஜின் ஓடும். தப்பாக இருந்தால் ஓடாது. சைரன் கிடையாது, விளக்கு கிடையாது. அமைதியாக, 'போய்ட்டு வா ராசா' என்று அனுப்பிவிடும்.

இதன் அடுத்த பிறவிதான் இம்மொபிலைசர். சாவியின் தலைக்குள் அரிசி அளவில் ஒரு சிப். அதற்குப் பாட்டரிகூடத் தேவையில்லை. சாவித் துவாரத்தைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள் ரேடியோ அலையை அனுப்பும். சிப் அதையே சாப்பிட்டுவிட்டு ரகசிய எண்ணைப் பதிலாகச் சொல்லும். எண் ஒத்துப்போனால்தான் என்ஜினுக்கு அனுமதி. ஒயரைப் பிய்த்து உரசி வண்டியைக் கிளப்புகிற சினிமாத் திருடர்கள் இதனால்தான் ரிட்டயர் ஆனார்கள். ஐரோப்பிய யூனியனில் 1998 அக்டோபர் முதல் புதுக் கார்களுக்கு இது கட்டாயம். ஆஸ்திரேலியாவில் 2001, கனடாவில் 2007.

பலன்? நெதர்லாந்தில் வான் ஊர்ஸ், வொல்லார்ட் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 1995 முதல் 2008 வரையிலான கணக்கைப் பார்த்தார்கள். இம்மொபிலைசர் கட்டாயமானதால் கார் திருட்டு சராசரியாக 40 விழுக்காடு குறைந்தது என்று 2016-ல் எழுதினார்கள். அமெரிக்காவில் சட்டம் வராவிட்டாலும் பெரும்பாலான கம்பெனிகள் தாங்களாகவே பொருத்தின. நியூயார்க்கின் 1 லட்சத்து 47 ஆயிரம், 2017-ல் ஆறாயிரத்துக்கும் கீழே வந்தது. போலீஸ் நடவடிக்கை, பொதுவாகவே குற்றங்கள் குறைந்தது என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஊமைச் சாவிக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொரு ஊமை, லோஜாக். 1986-ல் மாசசூசெட்ஸில் ஆரம்பமானது. காருக்குள் எங்கோ ஒளித்து வைத்த ரேடியோ கருவி. வண்டி திருடு போனால் போலீஸ் அதைத் தேடிப் பிடிக்கும். எந்தக் காரில் அது இருக்கிறது என்று வெளியே தெரியாது. ஆகவே திருடன் எல்லாக் காரையும் பார்த்துப் பயந்தான். பெரிய நகரங்களின் மையத்தில் மூன்று லோஜாக் மாட்டினால் வருஷத்துக்கு ஒரு கார் திருட்டு குறைந்தது என்று ஏயர்ஸ், லெவிட் என்ற ஆய்வாளர்கள் 1998-ல் கணக்குப் போட்டார்கள். அந்த நன்மையில் காசு கொடுத்து மாட்டியவருக்குக் கிடைத்தது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சமெல்லாம் ஊருக்கு.

கணக்கைக் கவனித்தீர்களா? அலாரத்தில் லாபம் எனக்கு, செலவு ஊருக்கு. லோஜாக்கில் செலவு எனக்கு, லாபம் ஊருக்கு. எது அதிகமாக விற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நம் ஊர் இன்சூரன்ஸ்காரர்கள் இந்தக் கருவிகளுக்கு என்ன மரியாதை கொடுத்தார்கள் தெரியுமா? 2002-ம் ஆண்டு இந்திய மோட்டார் டாரிஃபில், அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்தினால் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 2.5 விழுக்காடு தள்ளுபடி. அதிகபட்சம் 500 ரூபாய்.

இதையெல்லாம் இவ்வளவு விவரமாகச் சொல்கிற நான் என்ன லட்சணம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் முதல் காருக்கு ஒரு கடையில் அலாரம் மாட்டினேன். மாட்டிய பையன், "சார், சும்மா தொட்டாலே கத்தும் பாருங்க" என்று பெருமையாகத் தட்டிக் காட்டினான். எனக்கும் பெருமை. அந்தத் தீபாவளிக்கு ஒவ்வொரு வெடிக்கும் கத்தியது. மழைக்குக் கத்தியது. எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார். ஒருநாள் ராத்திரி வழக்கம்போல் கத்தியது. எனக்குக் கேட்டது. 'சனியன், பூனையாக இருக்கும்' என்று தலைமாட்டிலிருந்த ரிமோட்டை அமுக்கி வாயை அடைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன். காலையில் போய்ப் பார்த்தால் பக்கக் கண்ணாடி தூள். உள்ளேயிருந்த மியூசிக் சிஸ்டத்தைக் காணோம். பையும் போச்சு.

அலாரம் நிஜத்தைத்தான் சொன்னது. சொந்தக்காரனே நம்பவில்லை.

பொய்க்கும் நிஜத்துக்கும் நடுவே இருக்கும் இந்தச் சின்ன இடைவெளியில் உயிரே போகும். 2021-க்குப் பிறகு அமெரிக்காவில் ஹூண்டாய், கியா கார்கள் கும்பல் கும்பலாகத் திருடு போயின. 2015 மாடல்களில் மற்ற கம்பெனிகளின் வண்டிகளில் 96 விழுக்காட்டில் இம்மொபிலைசர் இருந்தது. இந்த இரண்டில் 26 விழுக்காட்டில்தான் இருந்தது. சாவித் துவாரத்தை உடைத்து ஒரு யுஎஸ்பி ஒயர் நுனியால் திருகிக் கிளப்புவதை வீடியோவில் காட்டிவிட்டார்கள். பதினாறு, பதினேழு வயசுப் பையன்களெல்லாம் கிளம்பிவிட்டார்கள். 2023 பிப்ரவரியில் அரசு சாலைப் பாதுகாப்புத் துறை சொன்ன கணக்கு: குறைந்தது 14 விபத்து, 8 சாவு. கம்பெனிகள் சுமார் 83 லட்சம் வண்டிகளுக்கு இலவசமாக சாஃப்ட்வேர் கொடுத்தன. அதில் இரண்டு மாற்றம். சாவி இல்லாமல் என்ஜின் கிளம்பாது என்பது ஒன்று. அலாரம் 30 விநாடிக்குப் பதில் ஒரு நிமிடம் கத்தும் என்பது இரண்டாவது. எது வேலை செய்யும் என்று இதுவரை படித்த உங்களுக்குத் தெரியும்.

அப்படியென்றால் அலாரமே வேண்டாமா? அப்படிச் சொல்லமாட்டேன். இம்மொபிலைசர் வண்டியைக் காப்பாற்றும், உள்ளே இருக்கும் பையைக் காப்பாற்றாது. சாவியின் சிக்னலைத் தூரத்திலிருந்தே கடத்தி வண்டியைத் திறக்கும் புதுத் திருடர்களும் வந்தாயிற்று. அலாரம் இருக்கட்டும். நம்பும்படியாக இருக்கட்டும்.

வாங்கும்போது முதல் கேள்வி, என் சாவியில் சிப் இருக்கிறதா? இல்லையென்றால் காசை முதலில் அதற்குச் செலவழியுங்கள். அடுத்து, சென்சார். தெருவில் நிறுத்துகிறவருக்கு ஷாக் சென்சார் போதும். ஆனால் இரண்டு கட்டமாக எச்சரிக்கிற வகையாகப் பாருங்கள். லேசாகத் தட்டினால் 'கீச் கீச்' என்று சின்னதாகச் சொல்லும், பலமாக அடித்தால்தான் முழு சைரன். சக்கரம் திருடு போகிற ஏரியா என்றால் டில்ட் சென்சாரும் சேர்த்துக்கொள்ளலாம். லிஃப்டில் தூக்கி அடுக்குகிற பார்க்கிங்கிலும், படகில் ஏற்றும்போதும் அதை அணைத்துவிட வேண்டும். அல்ட்ராசானிக் இருந்தால் கண்ணாடியை முழுக்க ஏற்றுங்கள், கண்ணாடியில் தொங்கும் பொம்மையைக் கழற்றுங்கள். மைக்ரோவேவ் கண்ணாடியைத் தாண்டியும் பார்க்கும். வெளியே நடந்து போகிறவரைக் கண்டுகொள்ளாத அளவுக்குக் குறைத்து வையுங்கள்.

அட்ஜஸ்ட் பண்ணுவது அரை மணி நேர வேலை. ஷாக் சென்சார் ஒயரில் தொங்கக் கூடாது. டேஷ்போர்டுக்கு அடியில் உறுதியான இடத்தில் ஆடாமல் கட்டியிருக்க வேண்டும். ஸ்க்ரூவைக் குறைந்த அளவில் வையுங்கள். கதவுகளை மூடி அலாரத்தைப் போட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். முன் கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கி ஒரு தட்டு. கண்ணாடியில் வேண்டாம், உடைந்துவிடும். கத்தவில்லையா? ஸ்க்ரூவை இம்மியளவு ஏற்றி மறுபடி தட்டுங்கள். ஓங்கித் தட்டினால் முழு சைரன், செல்லமாகத் தட்டினால் வெறும் கீச் என்று வருகிற இடத்தில் நிறுத்துங்கள். அப்புறம் தெருவில் ஒரு பஸ்ஸோ லாரியோ போகிற வரை காத்திருங்கள். அதற்குக் கத்தினால் இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

நானும் அப்படித்தான் செய்தேன். அதற்கப்புறம் இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை கத்தியது. யாரோ பைக்கை ரிவர்ஸ் எடுக்கும்போது பம்பரில் நன்றாக மோதிவிட்டார்.

நான் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் எதிர்வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துகொண்டு வந்து காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கையில் டார்ச்.

"என்ன சார், உங்க வண்டி கத்துது? கத்தாதே எப்பவும்!" என்றார்.